நாளைய ஆவடிக்கு இன்றைய விலை

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தம்பி என்று கூப்பிடும் என் தங்கை மகனோடு ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். ஒரு கிரவுண்டு மனை. கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டாக ஆறு வீடுகள். உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 920 சதுர அடி, 60 லட்சம் ரூபாய். கூட வந்த புரோக்கர் மூச்சு விடாமல் பேசினார்: "சார், கோயம்பேட்லேர்ந்து பட்டாபிராம் வரைக்கும் மெட்ரோ வருது. டைடல் பார்க் வந்தாச்சு. ரிங் ரோடு பத்து நிமிஷம். தூண் நட ஆரம்பிச்சாங்கன்னா இந்த ரேட்டுக்குக் கனவுல கூடக் கிடைக்காது."

தம்பி பால்கனியில் நின்று எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கீழே இறங்கித் தெருவுக்கு வந்தேன். எதிரே வேப்பமரத்தடியில் ஓர் அம்மா தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மதில்சுவரில், என் தொடை உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு நேராக ஓடியது. அதைக் காட்டிக் கேட்டேன்.

"அது ரெண்டாயிரத்து இருபத்திமூணு டிசம்பர் மழை சார். நாலு நாள் கரண்ட் இல்ல. பால் பாக்கெட்டைப் படகுலதான் கொண்டாந்தாங்க."

"இந்தப் புது பில்டிங்குக்குள்ளயும் வந்துச்சா?"

"இது அப்போ ஏது சார்? காலி மனையா இருந்துச்சு. தெருத் தண்ணியெல்லாம் மொதல்ல அதுலதான் போய் நிக்கும்."

புரோக்கர் கையிலிருந்த வண்ணத்தாளில் மெட்ரோ பாதை இருந்தது, வெளிவட்டச் சாலை இருந்தது, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எத்தனை நிமிடம் என்று இருந்தது. தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பது அந்த அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.

இந்த மேற்குப் புறநகரில் வீடு வாங்குவதைப் பற்றி எல்லா வீட்டுக் கூடத்திலும் ஒரே பேச்சுதான். வாடகை கொடுப்பது தண்டம். அந்தக் காசைத் தவணையாகக் கட்டினால் வீடு சொந்தம். நிலத்தின் விலை ஏறுமே தவிர இறங்காது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் வளர்கிற ஏரியா. இன்று வாங்காதவன் நாளை அழுவான். கல்யாணம் ஆன ஆறு மாதத்தில் பிள்ளைகள் காதில் இதை ஓதத் தொடங்கிவிடுகிறோம். ஓதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு தவறு. இது ஒரு தலைமுறையின் சம்பளத்தை இருபது ஆண்டுக்கு அடகு வைக்கிறது. நான் 1998-இல் திருமுல்லைவாயலில் வீடு கட்டிக் குடிவந்தவன். வீடே வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. வரப்போவதற்குக் காசு கொடுக்காதே, இருப்பதற்குக் கொடு என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அந்த 'வளர்கிற ஏரியா' என்ற சொல். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அம்பத்தூரும் ஆவடியும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. 1955-இல் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது. 1965-இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதே அறுபதுகளில்தான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் சைக்கிள் கம்பெனியும் டயர் கம்பெனியுமாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த மண் சோறு போட்டது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ரயிலும், அறுபது ஆண்டாக ஆலையும் உள்ள ஊர் இனிமேல்தான் வளரப்போகிறது என்றால், இத்தனை நாள் இங்கே நடந்ததற்குப் பெயர் என்ன? ஊர் வளர்வதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சதுர அடி விலை வளர்வதைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு.

இந்த இடத்தில் உடனே ஓர் உதாரணம் வரும். "அண்ணா நகர்ல அப்போ நாய்கூடப் போகாது. அன்னிக்கு ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவன் இன்னிக்குக் கோடீஸ்வரன்." முகப்பேரைப் பற்றியும் இதையே சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அண்ணா நகர் தானாக முளைத்த ஊர் இல்லை. 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த நிலத்தைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் அகலத் தெருவும் பூங்காவும் பள்ளிக்கூடத்துக்கு இடமும் வரைந்து, அளந்து, அதன்பிறகு மனையாகவும் வீடாகவும் கொடுத்த ஊர். முகப்பேர் இன்னும் நல்ல பாடம். 1977-இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் முதலில். அடுத்த கட்டத்தில் முகப்பேர். அரசு தெருவைப் போட்டது, குழாயையும் சாக்கடையையும் விளக்கையும் கொண்டுவந்தது. பிறகு மனைகளைப் பிரித்தது. ஏழைக்குச் சிறிய மனை, வசதியுள்ளவருக்குப் பெரிய மனை. பெரிய மனையின் விலை சிறிய மனையின் சுமையைத் தாங்கியது. வீட்டை மக்கள் அவரவர் கைக்கு ஏற்றபடி மெல்லக் கட்டிக்கொண்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். மரம் இருக்கிறது, கடை இருக்கிறது, ஒண்டுக் குடித்தனமும் மாடி வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன.

அங்கே சாக்கடை முதலில் வந்தது, விலை பிறகு ஏறியது. இன்று ஆவடிக்கு அப்பாலும் பூந்தமல்லியைச் சுற்றியும் விலை முதலில் ஏறிவிட்டது, சாக்கடை வரும் என்கிறார்கள். முகப்பேரில் 80-களில் மனை வாங்கியவர் தெருவையும் குழாயையும் பார்த்துவிட்டு வாங்கினார். என் தங்கை மகனிடம் காட்டியது ஒரு படத்தை. அண்ணா நகர் கதையைச் சொல்லி, ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலை விற்கிறார்கள்.

வயல் என்றதும் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியின் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அயப்பாக்கம், அயனம்பாக்கம், பட்டரவாக்கம், விளிஞ்சியம்பாக்கம், நெமிலிச்சேரி, மேனாம்பேடு. பாக்கமும் சேரியும் பேடும் நிறைந்த இந்த நாட்டில் ஏரி இல்லாத ஊர் இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு. கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு. ஒன்றின் கலங்கலில் வழிந்தது அடுத்ததன் வரத்துக் கால்வாய். தெற்கே பருத்திப்பட்டு, திருவேற்காடு, நொளம்பூர் என்று கூவம் வளைந்து வருகிறது. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் கடல்போலக் கிடக்கிறது. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் ஒரு பகுதி செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்பு. 2008-இல் வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டமே அதைக் கட்டுப்பாட்டுப் பகுதியாகக் குறித்திருக்கிறது.

இந்த ஏரிகளுக்கு ஆயக்கட்டு உண்டு. மதகைத் திறந்தால் தண்ணீர் பாயும் வயல். வயல் என்றாலே தாழ்ந்த நிலம். தண்ணீர் நிற்பதற்காகவே வரப்பு கட்டிச் சமன் செய்த நிலம். அந்த வயல்தான் மனையாயிற்று. நடுவே போன வாய்க்கால், தெருவாயிற்று அல்லது யாரோ ஒருவரின் மதிலுக்குள் போயிற்று. மழைக்கு இதெல்லாம் தெரியாது. கலங்கலில் வழிந்த தண்ணீர் பழைய வழியைத் தேடி வரும். கொரட்டூரில் ஒவ்வொரு பெருமழைக்கும் தெருக்கள் ஏன் மூழ்குகின்றன என்பதை, அந்த ஏரிக்காகவும் அதில் கலக்கும் சாக்கடைக்கு எதிராகவும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஊர் மக்களைக் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து, இயந்திரங்கள் நாள்கணக்கில் முங்கிக் கிடந்தன. சிறு பட்டறைக்காரர்கள் மோட்டாரைக் கழற்றி வெயிலில் காயவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். 1998-இல் அஸ்திவாரம் போட்டபோது தெருவிலிருந்து இரண்டடி உயர்த்தினோம். கொத்தனார் போதும் என்றார். அதன்பிறகு தெருவுக்கு நான்கு முறை ரோடு போட்டார்கள். ஒருமுறைகூடப் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கவில்லை. மேலேயே ஜல்லியும் தாரும். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு ஒரு படி இறங்கிப் போகிறேன். சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கினார். சுவரின் அடியை அறுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஆட்கள் ஒரே தாளத்தில் ஒரு நூல், இரண்டு நூல் என்று திருகினார்கள். வீடு மூன்றரை அடி மேலே வந்தது. அதற்கு அவர் செலவழித்தது மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணம். வளர்கிற ஏரியாவின் விலைப்பட்டியலில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை. கழிவுநீர் லாரிக்குக் கொடுப்பதையும், வேனிலில் தண்ணீர் லாரிக்குக் கொடுப்பதையும், போர் தண்ணீரின் உப்பால் அரித்துப்போகும் குழாயையும் எழுதுவதில்லை.

இன்னும் கொடியது ஏரிக்குள்ளேயே வாங்கிவிடுவது. திருவேற்காட்டை அடுத்த கோலடி ஏரியில் 2024-இல் ஆக்கிரமிப்பு என்று வீடுகளை அகற்றத் தொடங்கியபோது மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மின் இணைப்பு கொடுத்தார்களே, வீட்டு வரி வாங்கினார்களே என்று இப்படிப்பட்ட இடங்களில் மக்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மின் அட்டையும் வரி ரசீதும் நிலத்துக்கு உரிமை தருவதில்லை. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்தப் புல எண் 'ஏரி' என்றோ 'நீர்நிலைப் புறம்போக்கு' என்றோ இருந்தால், அதன் மேல் எத்தனை கைமாறினாலும் அது ஏரிதான். அந்தப் பதிவேட்டை இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். பத்து நிமிட வேலை. மாடுலர் கிச்சனின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

இனி மெட்ரோ. சென்னையின் முதல் கட்ட மெட்ரோவுக்கு 2009-இல் வேலை தொடங்கியது. முதல் ரயில், கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே, 2015 ஜூனில் ஓடியது. முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டர் முழுவதும் திறக்க 2019 பிப்ரவரி ஆயிற்று. ஆகப் பத்து ஆண்டு. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். அதில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான 26 கிலோமீட்டர்ப் பாதையின் பூந்தமல்லி முனையில் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. பூந்தமல்லிக்காரர் தூணைத் தொட்டுப் பார்க்கலாம், அதை மதிக்கிறேன். ஆனால் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் சொல்லப்படும் பாதை, கோயம்பேட்டிலிருந்து 21.76 கிலோமீட்டர், 19 நிலையங்கள், அரசிடம் விரிவான திட்ட அறிக்கையாகப் போனதே 2025 பிப்ரவரியில்தான். அறிக்கைக்குப் பிறகு ஒப்புதல், ஒப்புதலுக்குப் பிறகு கடன், கடனுக்குப் பிறகு நிலம் எடுப்பு, பிறகு டெண்டர், பிறகு மண் சோதனை. முதல் கட்டத்தின் வேகத்தை வைத்துப் பார்த்தால், இன்று கடன் வாங்குகிறவர் தவணையில் பெரும்பகுதியைக் கட்டி முடித்தபின் ரயிலேறலாம். பாடியிலிருந்து திருநின்றவூர் வரை திருவள்ளூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பேச்சு பத்தாண்டைத் தாண்டிவிட்டது என்பதை இங்கே இருப்பவர்கள் ஒவ்வொரு மாலையும் ஹாரன் சத்தத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. மெட்ரோ வரும் என்பது புரோக்கருக்குத் தெரியும், பில்டருக்குத் தெரியும், மனையை விற்ற நிலக்காரருக்கும் தெரியும். அவர்கள் எல்லாரும் அதை விலையில் ஏற்றிவிட்ட பிறகுதான் வீடு உங்களிடம் வருகிறது. மெட்ரோவால் கிடைக்கும் லாபத்தை அவர்கள் இன்றே எடுத்துக்கொண்டார்கள். தாமதத்தை மட்டும் உங்கள் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பட்டாபிராமின் 21 மாடி டைடல் பூங்கா 330 கோடி ரூபாயில் எழுந்து 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. மகிழ்ச்சி. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்கட்டும். ஆனால் அந்தக் கட்டடத்தைக் காட்டிச் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய் கூட்டியவர், அதற்காக ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

'வாடகை தண்டம்' என்பதற்கு வருகிறேன். இதைக் கணக்குப் போட்டுத்தான் மறுக்க முடியும். நான் தம்பிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போட்டுக் காட்டிய கணக்கையே சொல்கிறேன். 60 லட்சத்தில் கைக்காசு 10 லட்சம், கடன் 50 லட்சம். எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டு. மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் தவணையில் 35,417 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 7,974. ஐந்து ஆண்டில் 26 லட்சம் கட்டியிருப்பான். கடன் பாக்கி 44 லட்சத்துக்கு மேல் நிற்கும். போன வட்டி மட்டும் 20 லட்சம். புது அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது 4.2 லட்சம். கட்டி முடிக்குமுன் ஒப்பந்தம் போட்டால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 3 லட்சம். அடுத்த தெருவில் அதே அளவு வீடு 16,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏற்றினாலும் ஐந்து ஆண்டில் வாடகை 10.6 லட்சம்.

வாடகை திரும்பி வராத காசு என்றால் வட்டியும் திரும்பி வராத காசுதான். பத்தரை லட்சம் தண்டம் என்று பயந்து, 20 லட்சம் வட்டியும் 7 லட்சம் வரியும் கட்டுகிறோம். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டவே ஐந்து ஆண்டில் வீடு 77 லட்சத்துக்கு விற்க வேண்டும். கைக்காசு வங்கியில் கிடந்திருந்தால் தந்திருக்கும் வட்டியையும், பராமரிப்பையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. வரிச் சலுகை இருக்கிறதே என்பார்கள். புதிய வருமான வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. தம்பியும் அவன் அலுவலகத்தில் பெரும்பாலோரும் அந்த முறையில்தான் இருக்கிறார்கள்.

நிலத்தின் விலை இறங்காது என்பது நிலம் வாங்குகிறவருக்கான பேச்சு. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. ஆறு வீடு என்றால் ஆளுக்கு 400 சதுர அடி பிரிக்கப்படாத பாகம். மீதி எல்லாம் சிமென்ட், கம்பி, டைல்ஸ், லிஃப்ட். வருடத்துக்கு வருடம் தேய்கிறவை. பதினைந்து ஆண்டு ஆன அடுக்குமாடி வீட்டை விற்கப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். வாங்க வருகிறவர் எதிரே நிற்கும் புதுக் கட்டடத்தைக் காட்டித்தான் விலை பேசுவார்.

"அதான் ரெரா சட்டம் வந்தாச்சே மாமா" என்றான் தம்பி. ரியல் எஸ்டேட் தொழிலை ஒழுங்குபடுத்தும் நல்ல சட்டம்தான். பணத்தை வேறு வேலைக்குத் திருப்பாமல் தடுக்கிறது. கட்டுமானக் குறைக்கு ஐந்து ஆண்டு பொறுப்பு சுமத்துகிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைக்கோ எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கோ அதில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டுக்கும் சற்று அதிகம். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு எழும் ஒரு கிரவுண்டு, ஆறு வீட்டுக் கட்டடங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் அது இல்லை. வங்கி கடன் கொடுத்துவிட்டதே, பத்திரம் சரியாகத்தானே இருக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. வங்கியின் வக்கீல் முப்பது ஆண்டு வில்லங்கம் பார்ப்பார், தாய்ப்பத்திரம் பார்ப்பார். கடனை வசூலிக்க முடியுமா என்பது அவர் கவலை. கார்த்திகையில் உங்கள் மீட்டர் பெட்டி தண்ணீரில் முங்குமா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

எதிர்த்தரப்பில் இரண்டு வாதங்கள் உண்மையிலேயே கனமானவை. ஒன்று: தவணை இருந்தால்தான் நம் ஆட்கள் சேமிப்பார்கள், வாடகை வீட்டில் இருப்பவன் மிச்சக் காசைச் செலவழித்துவிடுவான். இது பலர் விஷயத்தில் உண்மை. ஆனால் தவணை என்பது நிறுத்த முடியாத சேமிப்பு. ஷிஃப்ட் குறைந்தாலும் வேலை போனாலும் அது ஐந்தாம் தேதி கணக்கில் கை வைக்கும். தொழிற்பேட்டையில் கம்பெனி மூடியபோது வீட்டுக் கடனோடு நின்றவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

இரண்டாவதுதான் என்னை அசைக்கும் வாதம். வாடகைக்குப் போனால் மானம் போகிறது. என்ன சாதி, அசைவமா, முஸ்லிமா, வீட்டில் எத்தனை பேர், ஊரிலிருந்து சொந்தக்காரர் வருவாரா என்று கேட்கிறார்கள். பதினோரு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறுகிறது. இதற்குப் பயந்து சொந்த வீடு தேடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது வாடகையின் குற்றமில்லை, நம் வீட்டுக்காரர்களின் குற்றம், சட்டத்தை எழுதிவிட்டுத் தூங்குகிறவர்களின் குற்றம். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. எங்கள் தெருவில் எத்தனை ஒப்பந்தம் அப்படிப் பதிவாகியிருக்கிறது என்று விசாரித்தேன். ஒன்றுகூட இல்லை. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். அவர்களை அங்கே யாரும் பாதி மனிதராகப் பார்ப்பதில்லை. வாடகைக்காரரை மரியாதையாக நடத்தும் ஊராக அம்பத்தூரை மாற்றுவது, 50 லட்சம் கடனை எல்லார் தலையிலும் ஏற்றுவதைவிட மலிவான வேலை.

விலை ஏறினால் ஊருக்கே நல்லது என்று கொண்டாடுகிறோமே, அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் காலை ஷிஃப்ட்டுக்கு இறங்கும் பெண்கள் முன்பு கள்ளிக்குப்பத்திலும் மேனாம்பேட்டிலும் குடியிருந்தார்கள். இன்று பலர் திருநின்றவூர் தாண்டி, செவ்வாய்ப்பேட்டை, திருவள்ளூர் என்று வருகிறார்கள். ஊருக்கு வயிறு நிரப்பிய கைகள் ஊரைவிட்டுத் தள்ளிப் போகின்றன. சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் ஏறியதற்கு வாட்ஸாப் குழுவில் கைதட்டுகிறவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டின் விலை ஏறுவதால் அவர்களுக்கு ஒரு காசும் கைக்கு வராது. விற்றுவிட்டு எங்கே போவார்கள், அங்கேயும் ஏறித்தானே இருக்கும்? அவர்கள் பிள்ளைகள்தான் அந்த ஏறிய விலையில் அடுத்த வீட்டை வாங்க வேண்டும்.

தம்பியிடம் அன்றைக்கு நான் வாங்காதே என்று சொல்லவில்லை. டோக்கன் அட்வான்ஸ் ஒரு லட்சத்தை எடுத்து வைத்திருந்தான். அதைப் பையிலேயே வைக்கச் சொன்னேன். அந்தத் தெருவிலேயே, அல்லது அடுத்த தெருவில், வாடகைக்கு ஒரு வீடு பிடி என்றேன். புல எண்ணை வாங்கி அ-பதிவேட்டையும் வரைபடத்தையும் பார். வாய்க்கால் எந்தப் பக்கம் போனது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேள். பால் போடுகிறவரிடமும் கழிவுநீர் லாரி டிரைவரிடமும் பேசு. ரோட்டு மட்டத்துக்கும் கட்டடத்தின் தரைக்கும் டேப் வைத்து அள. ரயில் இல்லை, டைடல் இல்லை என்று வைத்துக்கொண்டு, இந்த வீடு இன்று எவ்வளவு பெறும் என்று ஒரு விலை போடு. அந்த விலைக்குக் கொடுத்தால் வாங்கு. எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு ஐப்பசி கார்த்திகையை அங்கே இருந்து பார்.

"அதுக்குள்ள வித்துடும் மாமா."

"விக்கட்டும்டா. வேற வீடே கட்ட மாட்டாங்களா?"

அவன் மனைவிதான் முதலில் சரி என்றாள். ஆவணியில் அடுத்த தெருவில் முதல் மாடி வீடு ஒன்று, வாடகை 16,000, குடிபோனார்கள். ஐப்பசியில் இரண்டாவது வாரம் மழை பிடித்தது. புயல் இல்லை, சாதாரணமான வடகிழக்குப் பருவமழை, இரண்டு நாள். இரவு ஒன்பதரைக்கு அவனிடமிருந்து போன் வந்தது. குடை மேல் மழை விழும் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"மாமா, அந்த பில்டிங் வாசல்லதான் நிக்கிறேன். தெருவுல முழங்கால் அளவு. ஸ்டில்ட்டுல நாலு வண்டி நிக்குது, சைலன்சர் முங்கிடுச்சு. மோட்டார் ரூமுக்குள்ள தண்ணி போயிட்டு இருக்கு. கீழ் மாடிக்காரர் அந்த ரூம் வாசல்ல மணல் மூட்டை அடுக்கறார், நான் ஒரு கை பிடிக்கப் போறேன். அப்புறம் கூப்பிடறேன்."

"அந்த இஸ்திரி அம்மா?"

"சாயந்தரமே வண்டியைத் தள்ளிட்டு மேட்டுத் தெருவுக்குப் போயிட்டாங்களாம் மாமா."